காலில் படாத புல்

புல்தரைப் பெருமான் என்றோர் இனம் நம் பக்கத்தில் பெருகிவருகிறது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல் பச்சையாய் விரிந்து கிடக்க, நடுவே வீட்டைக் கட்டி, மதில் எழுப்பி, மதிலுக்குள் வேறு தேசத்துப் பச்சையை வளர்ப்பவர் இவர். அடையாளம் காண்பது எளிது. நீங்கள் கேட்டைத் திறந்ததும் "வாங்க" என்று சொல்ல மாட்டார். உங்கள் காலைப் பார்ப்பார்.

மன்னார்குடி ராஜசேகரைத்தான் சொல்கிறேன். குளிர்நாடு ஒன்றில் கொஞ்ச காலம் வேலை பார்த்துத் திரும்பியவர். கென்டக்கி புளூகிராஸ் என்ற குளிர்நாட்டுப் புல்லின் விதையை வரவழைத்துக் கார்த்திகை ஈரத்தில் தூவினார். பெயரில் நீலம், முளைத்தது பச்சை. தை மாதக் குளிரில் அது பட்டுப்போல் விரிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அன்றிலிருந்து அவர் வீட்டுக்குப் போகிறவர்களுக்குக் காபிக்கு முன் பாடம்தான்: குனிய வேண்டும், ஓர் இலையைப் பிடித்து அதன் நுனி படகின் முகப்புபோலக் குவிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நடுவில் ஓடும் இரட்டை வெளிர்கோட்டைக் கண்டு வியக்க வேண்டும், "ஒட்ட வெட்டக் கூடாதுங்க, விடியக்காலைலதான் தண்ணி விடணுங்க" என்பதற்குத் தலையாட்ட வேண்டும். உட்காரலாமா? உட்காருவதற்கா புல்தரை!

பொங்கலுக்கு நாகப்பட்டினத்திலிருந்து மாமனார் உலகநாதன் வந்தார். சொந்தப் படகில் கடலுக்குப் போகிறவர். அவரையும் ராஜசேகர் குனிய வைத்தார்.

"நுனிய பாருங்க மாமா, படகு மாதிரியே இருக்கு."

"படகு சரிதான் மாப்ள. ஆள ஏறத்தான் விட மாட்டேங்கிறீங்க."

அப்போதுதான், அதுவரை சுவரைப் பிடித்தே நின்று பழகிய குழந்தை, ராஜசேகரின் மகள் பூமிகா, கையை விட்டாள். ஓர் அடி. இன்னோர் அடி. நேரே புல்தரைக்குள். தாய் மோகனப்பிரியா மூச்சுவிடாமல் நிற்க, தாத்தா இரு கைகளையும் நீட்ட, தகப்பன் அலறினார்:

"புல்லு! புல்லு!"

குழந்தை மிரண்டு விழுந்தது. ராஜசேகர் ஓடினார், குனிந்தார், மடங்கிய இலைகளை நிமிர்த்திவிட்டார். பிறகுதான் குழந்தை.

"புள்ள நடந்தாளே, பாத்தீங்களா?" என்றாள் மோகனப்பிரியா.

"எப்ப?"

பங்குனியில் ஓரம் மஞ்சளித்தது. சித்திரையில் முழுக்க வைக்கோல். "சாகலைங்க, கோடையில தூங்குது" என்றார். தூங்குகிற புல்லுக்கு மேலே நிழல்வலை; கீழே, நம்புங்கள், ஏர்கூலர். வீட்டில் இருந்த ஒரே கூலர் அதுதான். வேர்க்குருவில் சிணுங்கிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு மோகனப்பிரியா பிறந்த வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

"எப்ப வர்றே?" என்று போனில் கேட்டார்.

"ஒங்க புல்லு முழிக்கட்டும், வர்றேன்."

கூலரை நிறுத்திவிட்டு மறுநாள் அவரே போனார். கடற்கரை மணலில் பூமிகா ஓடிக்கொண்டிருந்தாள். "பூமிம்மா!" என்று கை நீட்டினார். தகப்பனைப் பார்த்ததும் குழந்தை சட்டென்று நின்றுவிட்டது. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல், இருந்த இடத்திலேயே.

உங்களுக்கு இந்தக் கவலை இல்லை. உங்கள் வீட்டில் புல்லே கிடையாது. உறை பிரிக்காத சோபாவும், கோடு விழாத புதுக் காரும், கண்ணாடி அலமாரியில் யாரும் காபி குடித்தறியாத கோப்பைகளும்தான் இருக்கின்றன. அதிருக்கட்டும், நேற்று வந்த விருந்தாளியிடம் "பாத்து, பாத்து" என்று பதறினீர்களே. அவருக்கு அடிபட்டுவிடும் என்றுதானே?