விருப்பம் உங்களுடையது, வாக்கியம் என்னுடையது

சாவைப் பற்றிப் பேசியே நம்மைச் சாகடிக்கிற ஓர் இனம் உண்டு. தீராத நோயாளி தன் கடைசி நாளைத் தானே தீர்மானித்து, டாக்டர் எழுதித் தரும் மருந்தைக் குடித்து நிம்மதியாகப் போகச் சட்டம் வேண்டும் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறவர்கள். கோரிக்கை நியாயமானதுதான். நானே இரண்டு முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டாவது முறை, தப்பித்துக்கொள்வதற்காக.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் எங்கள் ஊருக்கு வாய்த்தவர் மார்லிஸ் ஹாகன். வயது எழுபத்தொன்று, மஞ்சள் சட்டை, மார்பில் 'என் முடிவு, என் உரிமை' என்று ஒரு பேட்ஜ். தேவாலய விருந்தில் தட்டில் உருளைக்கிழங்கு விழுவதற்கு முன்னால் அவருடைய படிவம் விழும். உறைந்த ஏரியின்மேல் குடிசை போட்டு மீன் பிடிக்கும் சாக்கில் ஒளிந்திருப்பவரையும் பனியில் நடந்தே போய்க் கதவைத் தட்டிப் பிடித்துவிடுவார். "அவங்கவங்க விருப்பம்தாங்க முக்கியம்" என்று சொல்லிக்கொண்டே, கேட்காமல் உங்கள் காப்பியில் பாலை ஊற்றுவார். சர்க்கரையா? அது உங்களுக்கு ஆகாது.

இவருக்குப் பக்கத்து வீட்டு வெர்லின் கிடைத்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கணையத்தில் புற்றுநோய்; கோடை வரை தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று மார்லிஸ் உண்மையாகவே அழுதார். மறுநாள், அந்தச் சட்ட மசோதாவை விசாரிக்கும் சட்டமன்றக் குழுவின் முன் வெர்லின் பேசவேண்டிய இரண்டு நிமிடப் பேச்சை எழுதிக்கொண்டு வந்து நின்றார்.

"'என் வேதனை சொல்லில் அடங்காது'ன்னு ஆரம்பிங்க. அங்க லேசா மூச்சு விடுங்க."

"நான் அப்படியெல்லாம் பேச மாட்டேனே."

"பேசினா நல்லா இருக்கும்."

"அந்த மருந்தைக் குடிப்பேனான்னே எனக்குத் தெரியல, மார்லிஸ்."

"ஐயையோ, அதை மட்டும் அங்க சொல்லிடாதீங்க!"

"அம்மா தாயே, சாகப்போறது நானா, நீயா?"

வெர்லினுக்கு இருந்தது ஒரே ஆசை: போவதற்குள் தன் பேச்சைத் தன் வாயால் ஒருமுறை பேசிவிட வேண்டும். மார்லிஸ் அதற்குள் பதினோராவது திருத்தத்துக்குப் போயிருந்தார்.

விசாரணை நாளன்று வெர்லின் மைக்கின் முன் உட்கார்ந்து, காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். பின்வரிசையில் மார்லிஸின் உதடுகள் 'என் வேதனை' என்று தாமாகவே தொடங்கிவிட்டன.

"முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினேன். பின்னாடி அம்பது பேர் கத்துவாங்க. எங்க திருப்பணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன். அந்த மருந்து என் அலமாரில இருக்கட்டும். குடிச்சாலும் குடிப்பேன், குடிக்காமலே போனாலும் போவேன். இப்பவே சொல்லுன்னு யாரும் கேட்காதீங்க. அவ்வளவுதான்."

நாற்பது விநாடி. மீதி எண்பது விநாடியை அப்படியே விட்டுவிட்டு எழுந்துகொண்டார்.

திரும்பும் வழியில் காரை ஓட்டிய மார்லிஸுக்குப் பெருமை தாங்கவில்லை. திருத்தாமல் இருக்கவும் முடியவில்லை.

"பிரமாதம், வெர்லின்! அடுத்த வருஷம் மசோதா திரும்ப வரும்போது, அந்த பஸ் கதையை மட்டும் கொஞ்சம்..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வெர்லின் சிரித்தார். "அடுத்த வருஷம் நீயே பேசு. ஆனா நான் சொன்னதை அப்படியே சொல்லணும். ஒரு எழுத்து மாத்தக் கூடாது."

"சரி" என்றார் மார்லிஸ். அதற்குமேல் ஒன்றும் சேர்க்கவில்லை. கண்ணீரில் சாலை தெரியாமல் காரை ஓரமாக நிறுத்தினார்.

மார்லிஸைப் பார்த்துச் சிரித்தீர்கள், இல்லையா? நன்றாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டில் முடியாமல் படுத்திருப்பவரிடம் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கடைசியாக எப்போது கேட்டீர்கள்? நேற்றுகூடக் கேட்டீர்களா? மிக்க மகிழ்ச்சி.

பதில் வரும்வரை நின்றீர்களா?