பிரகாசம் அண்ணனுக்கு ஒரு டெக்கீலா

"கத்திரி வெயில் ஒன்பதாம் நாள், ஞாயிறு. பகல் 12.40: டெக்கீலா அறுபது மில்லி, எலுமிச்சம்பழம் ஒன்று, சர்க்கரைப் பாகு இரண்டு ஸ்பூன், சோடா. 12.58: பரிமாறப்பட்டது. 12.59: கண் கழுவத் தண்ணீர், ஆறு சொம்பு."

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. எதையும் நேரம் போட்டு எழுதிவைக்கிற ஆள் நான். (கடைவாய்ப்பல் பிடுங்கிய நேரம்கூட இருக்கிறது, நிமிடச் சுத்தமாக.) ஆனால் 12.58-க்கும் 12.59-க்கும் நடுவில் நடந்ததை எழுத அன்று கை வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ராயபுரத்தில் சரக்குப் பத்திரங்கள் எழுதும் அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. அங்கே கணினிப் பிரிவில் இருந்த மெர்லினை நான் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினேன். அவளுக்கும் சம்மதம். ஆனால் அவள் சர்ச்சுக்குப் போகிறவள், நான் கோயிலுக்குப் போகிறவன். அவளுக்கு அப்பா இல்லை. அண்ணன் பிரகாசம் வைத்ததுதான் வீட்டில் சட்டம். எண்ணூர்ப் பக்கம் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றும் கிரேனை ஓட்டுகிறவர். மூன்று மாதமாக அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கப்பலில் வேலை பார்க்கும் என் பள்ளித்தோழன் ஊருக்கு வந்தபோது ஒரு டெக்கீலா பாட்டில் கொடுத்தான். மெர்லின் அதை வீட்டில் உளறிவிட்டாள். மறுநாளே போன்.

"இன்னா நைனா, மெக்சிகோ சரக்கு கீதாமே? ஞாயித்துக்கெயம வர்றேன். அப்படியே உன்னயும் பாத்தா மாதிரி ஆச்சு."

பாட்டிலைப் பார்த்துவிட்டு என்னையும் பார்ப்பார் என்று புரிந்தது.

படித்துத் தயாரானேன். வெயிலுக்கு ஏற்ற டெக்கீலா பானம் எளிது என்று நான் புரட்டிய எல்லாக் குறிப்புகளும் சொல்லின. எலுமிச்சை, கொஞ்சம் இனிப்பு, சோடா, நிறைய ஐஸ், டம்ளர் விளிம்பில் உப்பு. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. கடற்கரையில் கிளிமூக்கு மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருவார்களே, அதை அப்படியே டம்ளர் விளிம்புக்குக் கொண்டுவந்தால் என்ன என்று எனக்குத் தோன்றிவிட்டது. தண்ணீரை ஊற்றி மூன்று முறை ஒத்திகை பார்த்தேன். விளிம்பில் உதடு வைத்து, சின்னச் சின்ன மிடறாக. பிரமாதம்.

ஞாயிறு காலை அம்மாவும் அப்பாவும் பெரியபாளையத்தம்மன் கோயிலுக்குக் கிளம்பினார்கள். கூடவே கரண்ட்டும் கிளம்பியது. பதினோரு மணிக்குப் பார்த்தால் ஃப்ரிஜ்ஜில் இருந்த ஐஸ் எல்லாம் தண்ணீர். வேறு வழியில்லாமல் காசிமேட்டுக்கு ஓடி, மீனுக்குப் போடுகிற ஐஸில் ஒரு பாளம் வாங்கிவந்து ஏழு தடவை கழுவினேன்.

பன்னிரண்டரைக்கு அண்ணனும் தங்கையும் வந்தார்கள். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார், நாற்காலி என்னைப் போலவே முனகியது. விளிம்பில் எலுமிச்சை தேய்த்து, உப்பு-மிளகாய்த்தூளை அப்பினேன். பயத்தில் கொஞ்சம் தாராளமாகவே அப்பிவிட்டேன்.

அண்ணன் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னாபா, சங்கரா மீனு வாசனை அடிக்குது?"

"ஐஸ் அண்ணே. கழுவிட்டேன்."

"மேல இன்னா செவப்பா?"

"அலங்காரம் அண்ணே."

"குடிக்கிறதுக்குக்கூட மேக்கப்பா!" என்று சிரித்தவர், தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, டம்ளரை முகத்துக்கு மேலே ஒரு சாண் தூக்கினார்.

துறைமுகத்தில் ஒரு பாட்டில் தண்ணீரை எட்டுப் பேர் குடிப்பார்கள். யாரும் வாய் வைக்கமாட்டார்கள். இருபது வருடமாக அண்ணாந்தே குடித்துப் பழகிய மனிதர் அவர். நானும் எங்கள் வீட்டில் பிறந்ததிலிருந்து அப்படித்தான் குடிக்கிறேன். ஒத்திகையில் மட்டும் வெள்ளைக்காரன் மாதிரி உதடு வைத்துக் குடித்தேன்!

"அண்ணே, வாய் வெச்சு..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவர் சாய்த்துவிட்டார். விளிம்பில் இருந்த அத்தனையும் கட்டி கட்டியாகப் பெயர்ந்து, திறந்திருந்த இரண்டு கண்களிலும் விழுந்தது.

"ஐயோ, கண்ணு போச்சே! மெர்லினு, இவன் என்ன பொட்டக் கண்ணனாக்கிட்டாண்டி!"

"ஏய் சேகரு, தண்ணி கொண்டாடா! நோட்டு அப்புறம் எழுதலாம்!" என்று மெர்லின் என்னைப் பார்த்துக் கத்தினாள். (ஆமாம், பேனாவை எடுத்திருந்தேன். பழக்கதோஷம்.)

ஆறாவது சொம்புக்குப் பிறகு ஈரத்துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டு அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "நாளைக்குக் காலைல எனக்குக் கண் டெஸ்ட்டு. வருசா வருசம் பாஸ் பண்ணாத்தான் கிரேன்ல ஏத்துவான்."

மெர்லின் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எங்கள் கல்யாணப் பேச்சு முடிந்துபோயிருந்தது.

திங்கள் காலை கண் டெஸ்ட்டுக்கு நானே அவரை ஆட்டோவில் கூட்டிப்போனேன். கண்கள் இரண்டும் தக்காளி. அங்கே டாக்டர் கேட்டார், "எப்ப விழுந்தது, என்னென்ன விழுந்தது? சரியா சொல்லுங்க."

அப்படி ஒரு கேள்விக்காகவே பிறந்தவன் நான். நாட்குறிப்பைப் பிரித்தேன். "நேற்று பகல் 12.58. முதலில்..." என்றேன். முதல் வரி டெக்கீலா. அண்ணனின் கை என் முழங்காலைப் பிடித்தது. கிரேனின் பிடி. அவருடைய வேலை அந்த ஒரு வரியில் தொங்குவதாக அவர் நினைத்தார். நானும் நினைத்தேன்.

பதினான்கு வருடமாக எழுதிய குறிப்புகளில் ஒரு வரியைக்கூட நான் மாற்றிப் படித்ததில்லை. முதல் வரியை விரலால் மறைத்துக்கொண்டேன்.

"எலுமிச்சம்பழம் ஒன்று. உப்பு. மிளகாய்த்தூள். ஜூஸ், டாக்டர்."

டாக்டர் சொட்டு மருந்து எழுதி, பரிசோதனையை ஒரு வாரம் தள்ளிவைத்தார். அடுத்த வாரம் அண்ணன் கடைசி வரி எழுத்துவரை படித்துப் பாஸ் செய்தார். ஆனால் அதற்கு முன்பே, அன்று ஆட்டோவில் திரும்பும்போதே, கண்ணைக் கசக்கிக்கொண்டு சொல்லிவிட்டார்:

"உன்னப் பாத்து இத்தன நாளு பயந்தது எதுக்குத் தெரியுமா? எல்லாத்தயும் எய்தி வெக்கிறவன், என் தங்கச்சி இன்னா பண்ணாலும் நோட்ல ஏத்துவான், பேஜாருன்னு நெனச்சேன். வூட்டு ஆளுக்காக ஒரு பொய் சொல்ற. போதும். தேதி பாத்துடலாம்."

இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால், வெறும் தண்ணீர் கொடுத்தாலும் அண்ணன் சட்டைப்பையிலிருந்து வேலைக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டுதான் அண்ணாந்து குடிப்பார். புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள். மெர்லின் கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பாள். நான் சமையலறைக்குப் போய்விடுவேன்.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் தெரியவில்லை. அன்று அந்த டெக்கீலாவில் ஒரு மிடறாவது அவர் தொண்டைக்குள் போனதா, போனதென்றால் எப்படி இருந்தது? ஒரு வாய் உள்ளே போனது என்கிறாள் மெர்லின், எல்லாம் சட்டைக்குத்தான் போனது என்பது என் கணிப்பு. அண்ணனிடம் எத்தனை முறை கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "ஜூஸ்னே எய்திக்கோ." எனவே இது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.