ஒரு சாண் இடப்பக்கம்

மதிப்புக்குரிய மைத்துனர் டுவெய்ன் அவர்களுக்கு,

மெர்ல் எழுதுவது. நான் நலம் என்று எழுதுவது மரியாதை என்பதால் எழுதியிருக்கிறேன். உங்கள் நலத்தையும் விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும்.

என் நாற்பத்தைந்து காலிபர் கைத்துப்பாக்கி உங்கள் அக்கா அர்லீனின் மணிக்கட்டுக்கு ஆகவில்லை, "இந்தப் பீரங்கிய நீயே கட்டிக்கிட்டு அழு" என்று அவள் சொல்லிவிட்டாள், அதனால் குழலை மாற்றிச் சின்ன இருபத்திரண்டு தோட்டா சுடும்படி செய்துதரச் சொல்லி அதை உங்கள் பட்டறைக்கு அனுப்பினோம். உங்கள் பட்டறையில் வரிசை நீளம் என்பது மொன்டானா முழுக்கத் தெரியும். அர்லீனுக்கு வந்த நோய் வரிசையில் நிற்கவில்லை. துப்பாக்கி வந்து சேர்ந்தபோது அவளை அடக்கம் செய்து, அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரங்களைக்கூடக் கழுவித் திருப்பிக் கொடுத்திருந்தேன்.

சனிக்கிழமை அதைச் சோதித்துப் பார்க்கச் சுடுதளத்துக்குப் போனேன். முதல் குண்டு என் இலக்கு அட்டையைத் தொடவே இல்லை. இரண்டாவதில், தெறித்த வெற்றுக்கூடு சுடச்சுட என் காலருக்குள் விழுந்து முதுகு வழியாக இறங்க, துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு நான் குதித்ததைப் பார்த்து, சுடுதளத்தைக் கவனிக்கும் கஸ், "பரவால்ல மெர்ல், அடக்கத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான் ஆட்டம் போடுற" என்றான். மீதியும் நடுவட்டத்தைக் குறிபார்த்துத்தான் சுட்டேன். எல்லாம் ஒரு சாண் இடப்பக்கம் விலகி, நெருக்கி மாட்டியிருந்த பக்கத்து அட்டையில் விழுந்தன. அது பாதிரியார் ஹோல்ம்குவிஸ்டின் அட்டை. "நான் இவ்ளோ நல்லா சுடமாட்டேன் மெர்ல், இந்த ஓட்டையெல்லாம் நீயே எடுத்துக்க" என்றார் அவர். கஸ்ஸும் வாங்கிச் சுட்டான். அவனுக்கும் இடப்பக்கம்தான்.

"என் தம்பி கை வச்சா மயிரிழை பிசகாது" என்று அர்லீன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தத் தம்பி, கண் வைத்துக் குறிபார்க்கும் பின்குறியைக் கோணலாகப் பொருத்தி அனுப்பியிருப்பதை, கவனமில்லை என்று எடுத்துக்கொள்வதா, அக்காவே போய்விட்டாள் இனி யார் பார்க்கப்போகிறார்கள் என்று எடுத்துக்கொள்வதா, எனக்குத் தெரியவில்லை. அவள் கடைசியாக ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான். அதையாவது நேராகச் செய்திருக்கலாம். துப்பாக்கியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நன்றித் திருநாள் விருந்துக்கு நீங்கள் வர வேண்டியதில்லை.

உங்கள் மனைவிக்கும் நாய்க்கும் என் அன்பு. கர்த்தர் உங்கள் பட்டறையைக் காப்பாராக, உங்கள் வாடிக்கையாளர்களை அதற்கு முன்பே காப்பாராக.

இப்படிக்கு,
மெர்ல்

பி.கு.: மிச்சத் தோட்டாக்களைத் தீர்த்துவிட்டுப் பெட்டியை மூடலாம் என்று இன்று மறுபடி போனேன். "ஏன் மெர்ல், இத அவன் உன் கைக்கா செஞ்சான்? அர்லீன் கைக்குத்தானே?" என்று கஸ் கேட்டான். உன் அக்கா சுடும் அழகு உனக்குத் தெரியும். முழங்காலை மடக்கி, அட்டையைப் பார்த்து "மன்னிச்சுக்கடா கண்ணு" என்று சொல்லிவிட்டு, சத்தத்துக்குப் பயந்து, விசையை அழுத்தும்போதே கையை வெட்டி இழுப்பாள். என்றைக்கும் ஒரு சாண் வலப்பக்கம் போகும். நான் அப்படியே நின்றேன், அப்படியே சொன்னேன், அப்படியே இழுத்தேன். நடுவட்டம். மறுபடியும் நடுவட்டம். கஸ் அட்டையைக் கழற்றி, பேனாவை எடுத்து, "யார் பேரு போட?" என்றான். சொன்னேன்.

பெட்டியில் துப்பாக்கியைத் தேடாதே. அந்த அட்டைதான் இருக்கிறது. விருந்துக்கு வா, மச்சான். வந்தால் குறியை மட்டும் தொடாதே.