ஒருத்தர் வரணும்

"ஒருத்தர் வரணும், ஐயா. வந்ததும் கிளம்பிடலாம்" என்றார் டிரைவர் நஸ்ஸரேனோ. சொன்ன கையோடு என்ஜினையும் அணைத்துவிட்டார்.

எர்மான்னோ கொல்னாகி கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். ரோக்காவெர்னா நகரம் மலைமேல் இருக்கிறது. ரயில் நிலையம் அடிவாரத்தில். மூன்றே முக்கால் ரயிலைப் பிடித்தால்தான் சாயங்காலம் பொலோனியாவில் பேத்தியின் ஞானஸ்நானத்துக்குப் போய்ச் சேர முடியும். அவர்தான் ஞானத்தந்தை. மகளின் கல்யாணத்துக்கே ஆபீஸ் மீட்டிங்கை முடித்துவிட்டு, கேக் வெட்டும் நேரத்தில் போய் நின்ற மனிதர் அவர். "இந்தத் தடவையாவது வந்துடுவீங்களாப்பா?" என்று மகள் போனில் கேட்டபோது அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"யார் அந்த ஒருத்தர்?"

"யாரோ வெளியூர்க்காரராம். ஊரைச் சுத்திப் பார்க்க வந்தவராம். வழி தெரியாம தடுமாறுவாரு, விட்டுட்டுப் போயிடாதேன்னு காப்பிக்கடைக்குப் போன் வந்துச்சாம். கடைக்காரர் சொல்லிட்டுப் போனார்."

"டூரிஸ்டா!" என்று எர்மான்னோ தலையில் அடித்துக்கொண்டார்.

அவரும் டூரிஸ்டுதான். மிலானிலிருந்து வந்து மூன்று நாள் ஆகிறது. ஆனால் அதை யாராவது கண்டுபிடித்துவிட்டால் அவருக்கு உயிர் போய்விடும். காமிராவைத் தொங்கவிட்டுக்கொண்டு, வாயைப் பிளந்து கோபுரம் பார்க்கும் கூட்டத்தைக் கண்டாலே ஆகாது. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்க்காரர் மாதிரியே இருப்பதுதான் அவர் கொள்கை. பெட்டியைப் பார்சலில் மகள் வீட்டுக்கு முன்னாலேயே அனுப்பிவிட்டார். பஸ் டிக்கெட்டை, ஊர்க்காரர்கள் போலவே, முதல் நாளே சிகரெட் கடையில் வாங்கி வைத்துக்கொண்டார். கக்கத்தில் உள்ளூர்ப் பேப்பர். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்றைய சந்தையில் வாங்கிய பெரிய முட்டைக்கோஸ் ஒன்று வலைப்பையில் தொங்கியது. முட்டைக்கோஸோடு ஒரு டூரிஸ்டை உலகத்தில் யார் பார்த்திருக்கிறார்கள்? பஸ் ஏறும்போது டிரைவர், "வெளியூருங்களா?" என்று கேட்டதற்குக்கூட, "நானா? கீழ்வாசல் பக்கம்தான் வீடு" என்று பையை உயர்த்திக் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

"அந்த ஆளுக்கு நேரத்துக்கு வரத் தெரியாதா?" என்றார் இப்போது.

"பாவம், அப்படிச் சொல்லாதீங்க. தங்கமான மனுஷராம். ரொம்பப் பொறுமைசாலியாம். போன்ல அப்படித்தான் சொன்னாங்களாம்."

"அவர் பொறுமைசாலியா இருந்துட்டுப் போகட்டும். நம்ம பொறுமையை எதுக்குச் சோதிக்கணும்?"

முன் இருக்கையில் கன்னியாஸ்திரி சிஸ்டர் பியெரா கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி ஊசியைப் பார்த்தார். எதிரே, அடிவாரத்துத் தோட்டத்தில் விளைந்த கோஸையும் காய்கறிகளையும் மேல்நகரச் சந்தையில் விற்றுவிட்டுத் திரும்பும் அர்ஜியா அம்மாள், காலிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து முட்டைக்கோஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல கோஸு" என்றார்.

"எங்க வீட்டுல தினமும் இதுதான்" என்றார் எர்மான்னோ.

"அப்படியா!" என்று அர்ஜியா அம்மாள் சிஸ்டரைப் பார்த்தார்.

நேரம் ஓடியது. சும்மா இருந்தால் காரியம் ஆகாது என்று எர்மான்னோ இறங்கிப் போய், காப்பிக்கடை வாசலிலிருந்து பஸ் ஆபீஸுக்குப் போன் போட்டார்.

"நான் இந்த ஊர்க்காரன் பேசறேன். ஸ்டேஷன் பஸ் கிளம்பாம நிக்குது. யாரோ ஒரு டூரிஸ்டுக்காகவாம்!"

"டூரிஸ்டுக்காகவா?" மறுமுனையில் ஒரு பெண் குரல் உருகியது. "பாருங்க, நம்ம நஸ்ஸரேனோவுக்கு என்ன மனசு! இந்த ஊருக்கு யாருமே வரமாட்டேங்கறாங்கன்னு மேயர் நேத்துகூட வருத்தப்பட்டார். அவர் வர்ற வரைக்கும் வண்டியை எடுக்கக் கூடாதுன்னு நான் சொன்னதாச் சொல்லிடுங்க. நல்ல வேளை போன் பண்ணீங்க."

அதுவரை டிரைவரின் நல்ல மனசுக்காக நின்ற பஸ், அதற்கப்புறம் ஆபீஸ் உத்தரவுக்காக நின்றது. எர்மான்னோ இந்த உத்தரவை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே போயிருக்கும், காப்பிக்கடைக்காரர் பின்னாலிருந்து கேட்டுவிட்டு ஓடிவந்து சொல்லாமல் இருந்திருந்தால்.

"வராத ஆளுக்காக உட்கார்ந்தே இருந்தா எப்படி?" என்று எர்மான்னோ வெடித்தார். "வழி தெரியாம எங்கேயோ சுத்திக்கிட்டிருப்பான் அந்த முட்டாள். ஒருத்தர் போய்த் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வரவேணாமா?"

நஸ்ஸரேனோ நெற்றியில் தட்டிக்கொண்டார். "அட, இது எனக்குத் தோணாமப் போச்சே!"

அவர் இறங்கித் தேவாலயச் சந்துக்குள் மறைந்த பிறகுதான் எர்மான்னோவுக்கு விஷயம் உறைத்தது. இப்போது பஸ்ஸில் டிரைவரும் இல்லை.

"இவர் எப்ப வருவார்?"

"நஸ்ஸரேனோவா?" என்றார் அர்ஜியா அம்மாள். "அந்தச் சந்துல அவனுக்கு மூணு சித்தப்பா இருக்காங்க. ஆளுக்கு ஒரு வாய் காப்பி குடுக்காம விடமாட்டாங்க."

எர்மான்னோ மணியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மறுபடி மணியைப் பார்த்தார். சிஸ்டர் ஒரு மிட்டாயை நீட்டினார். "வேணாம்" என்று தலையாட்டிவிட்டார்.

நஸ்ஸரேனோ வியர்த்து வழியத் திரும்பி வந்தார். "பெட்டியும் கையுமா ஒரு ஈ காக்கா இல்ல. ஊர்க் கிணத்துப் பக்கமும் போய்ப் பார்க்கிறேன்."

எர்மான்னோ தன் ஆயுளில் அதிகம் பொய் சொன்னவரல்ல. அதனால்தான் அவ்வளவு மோசமாகச் சொன்னார்.

"அவரா? அவர் அப்பவே போயிட்டாரே! நான் பார்த்தேன். டாக்சில ஏறிப் போனார். பெட்டி, தொப்பி, எல்லாத்தோடயும்."

"டாக்சியா?" அர்ஜியா அம்மாள் கூடையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இந்த ஊர்ல இருக்கறதே ஒரே டாக்சி. அது என் மருமகனோடது. அவன் காய்ச்சல்ல போர்வை போர்த்திப் படுத்திருக்கான். அப்ப அந்த மனுஷர் ஏறினது யார் வண்டி?"

பஸ்ஸில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"அது என்ன நிறக் கார்?"

"சரியா... கவனிக்கல."

"கடத்திட்டாங்களா?"

"ஐயோ, சாதுவான மனுஷராச்சே!"

சிஸ்டர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். நஸ்ஸரேனோ போனை எடுத்தார். "போலீசுக்குச் சொல்லிடறேன். நீங்கதான் சாட்சி ஐயா. அவங்க வந்து விசாரிக்கிற வரைக்கும் எங்கயும் போயிடாதீங்க."

எர்மான்னோ அப்படியே இருக்கையில் சரிந்தார். கண்முன்னே ஒரு வெள்ளைச் சட்டைக் குழந்தையும், வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு மகளும் தெரிந்தார்கள். முதல் முறையாக அவருக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. 'ஆண்டவரே, என்னால் முடியவில்லை' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் ஒரு பெண்மணி, மாவு படிந்த ஏப்ரனோடு, மூச்சிரைக்க ஓடிவந்து பஸ் படியைப் பிடித்தார். எர்மான்னோ தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரி யோலே. கையில் சின்ன நீலப் பெட்டி.

"நஸ்ஸரேனோ, வந்துட்டாரா என் விருந்தாளி? போன் பண்ணிச் சொன்னேனே! அப்புறம்தான் மேஜைமேல இதைப் பார்த்தேன். குழந்தைக்கு வாங்கின வெள்ளிப் பதக்கம். பாவம், மறந்துட்டுப் போயிட்டார்..." என்றவர் உள்ளே எட்டிப் பார்த்து முகம் மலர்ந்தார். "இங்கதான் உட்கார்ந்திருக்கீங்களா!"

பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. முட்டைக்கோஸ் எர்மான்னோவின் மடியிலிருந்து உருண்டு இருக்கைகளுக்கு நடுவே ஓடியது.

"இவரா?" என்றார் நஸ்ஸரேனோ.

"இவரேதான். எவ்வளவு நல்ல மனுஷர் தெரியுமா! காலையில என் வீட்டுக்காரரோட தேனீப் பெட்டிக் கதையை நான் சொல்ல, ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்டார். வீட்டுக்காரர் இறந்துபோனதுக்கப்புறம் அதை யாரும் முழுசாக் கேட்டதில்ல."

எர்மான்னோ நிமிரவில்லை. பிளம் ஜாம் கேக் இன்னொரு துண்டு வரும் என்று காத்திருந்ததில் பாதிக் கதை காதில் விழுந்தது, அவ்வளவுதான். கடவுள் அந்தப் பாதியையும் கணக்கில் வைத்துக்கொண்டு, அவருக்காக ஒரு பஸ்ஸையே நிறுத்தி வைத்திருக்கிறார். அவரோ வந்த உதவியை உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"மன்னிச்சிடுங்க" என்றார். "நான் மிலான். இன்னைக்கு என் பேத்திக்கு ஞானஸ்நானம். மூணே முக்கால் ரயில்..."

"அடப்பாவி மனுஷா, இதை முதல்லயே சொல்றதில்லையா!" என்று கத்தினார் அர்ஜியா அம்மாள். "நஸ்ஸரேனோ, எடுடா வண்டியை! என் தோட்டத்துல நிறுத்தாதே. நான் திரும்பி நடந்து வந்துக்கறேன்."

"மடத்துலயும் நிறுத்த வேணாம்" என்றார் சிஸ்டர்.

பஸ் மலையிலிருந்து தண்ணீர் போல இறங்கியது. ஒரு நிறுத்தத்திலும் நிற்கவில்லை. தோட்டத்தைத் தாண்டும்போது அர்ஜியா அம்மாள் தன் நாய்க்குக் கையசைத்தார். நாய் கொஞ்ச தூரம் பின்னால் ஓடிவந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ரயில் நடைமேடைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. யாரோ எர்மான்னோவின் கையில் நீலப் பெட்டியைத் திணித்தார்கள், யாரோ முட்டைக்கோஸைத் திணித்தார்கள். கீழே குதித்தவர் ஒரு கணம் நின்றார்.

"நான் பொய் சொன்னது தப்புதான், சிஸ்டர். ஆனா அவ்வளவு நேரம் கூடவே உட்கார்ந்திருந்தேனே! நான் வெளியூர்க்காரனா இருப்பேன்னு உங்களுக்கெல்லாம் சந்தேகமே வரலையா?"

சிஸ்டர் பியெரா ஜன்னல் வழியாக ஒரு மிட்டாயை அவர் சட்டைப் பையில் போட்டபடி சொன்னார்:

"மலையிலேருந்து கீழே கோஸ் கொண்டு போறவர் வெளியூராத்தான் இருக்கணும்னு, நீங்க ஏறினப்பவே எங்க எல்லாருக்கும் தெரியும் ஐயா. ஆனா நாங்க காத்துக்கிட்டிருந்தவர் பொறுமைசாலின்னுல்ல சொல்லியிருந்தாங்க!"