அன்புள்ள அம்மா, ஒன்றை அழுத்தவும்

சவரக்கத்தி தலைமையாசிரியரின் தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் இருந்தபோது ஃபோன் அடித்தது.

சலூன்காரருக்கு ஒரு கையில் கத்தி, மறு கை முழுக்க நுரை. "யாராவது எடுத்து, அப்புறம் பேசறேன்னு சொல்லுங்களேன்" என்றார்.

பெஞ்சில் காத்திருந்த சிலிண்டர்காரர் எடுத்தார். போன மாதம் தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்து எழுந்ததிலிருந்து அந்த ஃபோனைக் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது. ஸ்பீக்கரில்தான் பேசும், அதுவும் தெருமுனை வரைக்கும்.

"அன்புள்ள அம்மா, வணக்கம்" என்றது ஒரு பெண் குரல். "இது உங்களுக்கு இருபத்து நான்காவது வாரம். உங்கள் வயிற்றில் இருக்கும் குழந்தை இப்போது ஒரு சின்னப் பப்பாளி நீளம்."

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "எத்தனாவது வாரம்?"

"ராங் நம்பர் சார். அசையாதீங்க."

ராங் நம்பர் இல்லை என்பது சலூன்காரருக்கே தெரியும். வீட்டில் மனைவிக்கு ஆறாம் மாதம். சுகாதார நிலையத்தில் பதிவு செய்தபோது அவள் நம்பருக்குப் பதிலாக இவர் நம்பரை எழுதித் தொலைத்திருக்கிறார்கள்.

மத்தியானம் சாப்பிடப் போனதும் மனைவியிடம் சொன்னார். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "மாத்தி எழுதிட்டாங்க போல. கேட்டுட்டு வந்து சொல்லுங்க. என்ன சொன்னாங்க?" என்றாள்.

"குழந்தை மாங்காய் அளவு இருக்காம்."

"பப்பாளியா இருக்கும்" என்றாள் அவள், திரும்பாமலே.

அடுத்த செவ்வாய்க்கிழமை, பத்து மணிக்கு ஃபோன் அடித்தபோது அவர் எடுக்கவில்லை. அரை மணிக்கு ஒருதரம் அடித்தது. முழுசாகக் கேட்டு முடிக்கும்வரை விடாது என்பது ஏழாவது தடவைதான் அவருக்குப் புரிந்தது. அதற்குள் தெருவில் பாதிப்பேர், யாரோ விடாமல் கூப்பிடுகிறார்களே, வீட்டில் ஏதாவது விபரீதமா என்று விசாரிக்க வந்துவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும், குழந்தைக்கு இப்போது காது கேட்க ஆரம்பித்துவிட்டது என்பதைக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

அதற்கடுத்த வாரம் ஃபோனை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிப் பார்த்தார். அங்கே இன்னும் கூட்டம்.

பிறகு செவ்வாய்க்கிழமைகளில் ஒன்பதே முக்காலுக்கே பெஞ்ச் நிரம்பத் தொடங்கியது. போன செவ்வாய்தான் முடி வெட்டிக்கொண்டவர்கள்கூட வந்து உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியர் ஒரு நோட்டு வாங்கி வாரவாரியாகக் குறிப்பெடுத்தார். சிலிண்டர்காரர் இருக்கிறாரே, அவர் ஒருபடி மேலே போய், "தங்கச்சி இடது பக்கமா சாஞ்சுதானே படுக்குது?" என்று தினமும் கேட்டுச் சலூன்காரரின் உயிரை வாங்கினார்.

மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது. ஆனாலும் சலூன்காரர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். வெட்கத்தைவிட பயம் பெரிதாக இருந்தது அவருக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன் இதே போல ஏழாம் மாதத்தில் மனைவி தலைவலி என்றாள். ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடைக்கு வந்துவிட்டார். சாயங்காலம் வீடு திரும்புவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். அந்தக் குழந்தை தங்கவில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னது இன்னும் அவரைக் குத்திக்கொண்டேயிருந்தது.

முப்பத்து நான்காவது வாரம் குரல் புதிதாக ஒன்று சொன்னது: "இப்போது சில கேள்விகள். ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும். இல்லை என்றால் இரண்டை அழுத்தவும்."

சலூன்காரர் சிலிண்டர்காரரின் மீசையில் ஒரு பாதியை அப்போதுதான் எடுத்து முடித்திருந்தார். "சார், எப்படியாவது இதை நிறுத்துங்க" என்று ஃபோனைத் தலைமையாசிரியரிடம் நீட்டினார்.

"உங்கள் கால்கள் வீங்கியிருக்கின்றனவா?"

தலைமையாசிரியர் ஒன்றை அழுத்தினார்.

"என்ன சார் பண்றீங்க?"

"கேள்வியை விட்டுட்டுப் போகக் கூடாதுப்பா. எதையாவது எழுதி வச்சாத்தான் முடியும்."

"தலைவலி இருக்கிறதா?" ஒன்று. "கண் மங்கலாகத் தெரிகிறதா?" ஒன்று. முதல் விடைதான் பெரும்பாலும் சரியாக இருக்கும் என்பது அவருடைய நாற்பது வருஷ அனுபவம்.

"நன்றி அம்மா. நீங்கள் இருக்கும் இடத்திலேயே இருங்கள்" என்றது குரல்.

இருபது நிமிஷத்தில், பதிவில் எழுதியிருந்த கடை விலாசத்தைத் தேடிக்கொண்டு, வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. நர்ஸ் பிரஷர் பார்க்கும் கருவியோடு உள்ளே நுழைந்து, "பேஷன்ட் எங்கே?" என்றார்.

பெஞ்ச் மொத்தமும் சலூன்காரரைக் கைகாட்டியது.

"இது எந்த ஊர் நியாயம்?" என்றார் சலூன்காரர். "ஃபோன் என்னோடது. வயிறு என் சம்சாரத்தோடது."

"கால் வீக்கம்?"

"அது இருக்கு. காலையிலேருந்து நிக்கறேன் இல்ல?"

நர்ஸ் சிரிக்கவில்லை. "வண்டி கிளம்பிட்டா, பிரஷர் எழுதாம நான் திரும்ப முடியாது. உங்களுக்குப் பார்த்தா எந்தக் கட்டத்துல எழுதறது? வீட்டுக்கு வழி சொல்லுங்க."

சலூன்காரர் முன் சீட்டில் ஏறினார். நோட்டோடு தலைமையாசிரியரும், கழுத்தில் கட்டின துணியோடு சிலிண்டர்காரரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஜீப்பையும் அரை மீசையையும் பார்த்துத் திகைத்துப்போனாள். "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்றாள்.

"ஒண்ணும் இல்லைம்மா. ஒரு நம்பர் எழுதிக்கிட்டுப் போயிடறேன்" என்று நர்ஸ் அவள் கையில் பட்டையைச் சுற்றினார். அளந்தார். அவிழ்த்துவிட்டு மறுபடியும் அளந்தார். பிறகு நம்பரை எழுதாமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

"தலைவலி எத்தனை நாளா?"

மனைவி புருஷனைப் பார்த்தாள். "மூணு நாளா. சொன்னா இவர் பயந்துடுவார்னு..."

"வண்டியில ஏறுங்க" என்றார் நர்ஸ்.

ஜீப்பில் சலூன்காரர் மனைவியின் கையை வழி முழுக்க விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். எடை குறைவு, குரல் மட்டும் ஊரைக் கூட்டும். தாயும் பிழைத்தாள். "சரியான நேரத்துக்குக் கூட்டிட்டு வந்தீங்க" என்று டாக்டர் சொன்னதும் சலூன்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார். தலைமையாசிரியர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை, குழந்தையைப் பதிவு செய்யும் கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி கேட்டாள்: "ஃபோன் நம்பர் இதேதானே?"

சலூன்காரர் தயங்கினார். பிறகு ஜன்னலுக்குள் தலையை நீட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"அதுல ஒரு தப்பு இருக்கும்மா. என் சம்சாரத்துக்கு வரவேண்டிய ஃபோனெல்லாம் எனக்கு வந்துக்கிட்டிருக்கு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்தத் தப்பைத் திருத்திடாதீங்க. தடுப்பூசிக்கும் எனக்கே வரட்டும்."

அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவங்களுக்குத் திங்கக்கிழமையே தனியாப் போயிடுது சார். 'அன்புள்ள அப்பா'ன்னு ஆரம்பிச்சா ஒரு ஆம்பளையும் கேக்க மாட்டேங்கறாங்கன்னுதான், ஊர்ல இருக்கிற புருஷங்க எல்லாருக்கும் இப்படித் தப்பா வர்ற மாதிரியே போடறோம்."