ஊத்துக்குளி வழியாக எத்தியோப்பியா

எத்தியோப்பியாவுக்குப் புறப்பட்டுப் போய்ப் பதினோரு நாளாகியும் சென்னிமலை வாத்தியார் இன்னும் திருப்பூரில்தான் இருந்தார். மைத்துனர் ரத்தினசாமியின் பனியன் கம்பெனியில், சரக்கு அறையில், மூட்டைகளுக்கு நடுவே கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். அப்போது அவருக்கு ஒரு தும்மல் வந்தது.

"மாப்ள, மெதுவாங்க!" என்று ரத்தினசாமி உள்ளே ஓடி வந்தார். "வெளிய உங்க எட்மாஸ்டர் நிக்கறாரு."

"பஞ்சுத் தூசுங்க மச்சான். நானென்ன வேணும்னா தும்மறேன்?"

"அப்ப மூட்டைல மூஞ்சிய வெச்சுத் தும்முங்க. அவரு உங்க எத்தியோப்பியா விலாசம் கேட்டு வந்திருக்காரு."

சென்னிமலை ஒரு டஜன் கைவைத்த பனியனில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

பதினான்கு வருஷமாகப் பூகோளம் நடத்துகிறவர் அவர். பிரம்பு முனையால் சுவர்ப்படத்தில் ஐந்து கண்டங்களையும் தொட்டிருக்கிறார். சொந்தக் காலால் தொட்டது பழனி வரைக்கும்தான். கடலையே பார்த்ததில்லை. அலைகள் எப்படி உண்டாகின்றன என்று ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். அதனால் 1964இல் எத்தியோப்பியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை என்று உத்தரவு வந்ததும், அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்.

வேலை வந்துவிட்டது. விசா வரவில்லை. பாஸ்போர்ட் டெல்லிக்குப் போயிருந்தது. ஜோசியரோ ஆனி முடிவதற்குள் கிளம்பியாக வேண்டும், ஆடியில் கிளம்பினால் போகிற காரியம் விளங்காது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இந்த மாதிரி இக்கட்டுக்கெல்லாம் நம்மவர்கள் எப்போதோ வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். நல்ல நேரத்தில் பெட்டியோடு வாசலைத் தாண்டி, வேறொரு இடத்தில் போய்த் தங்கிவிட்டால் பயணம் கிளம்பியாயிற்று என்று அர்த்தம். அப்புறம் பயணம் முடியாமல் வீட்டுப்படி ஏறக்கூடாது, அவ்வளவுதான். நாலைந்து நாளில் விசா வந்துவிடும், அதுவரை மச்சான் கம்பெனியில் இருந்துகொள்வது என்று முடிவாயிற்று.

ரத்தினசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. நாள், நேரம் எல்லாவற்றையும் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அன்று காலை சென்னிமலை வாசலைத் தாண்டினால், பள்ளிக்கூடமே தெருவில் நிற்கிறது. நாதஸ்வரம், கொட்டு, ஆளுயர மாலைகள். தலைமையாசிரியர் வாழ்த்திப் பேச ஆரம்பித்து நடுவில் அழுதுவிட்டார். இத்தனை பேர் கூடி ரயிலடிக்குக் கூட்டிப் போய், பெட்டியில் ஏற்றி, கண் மறைகிற வரை கையாட்டினால் ஒரு மனிதன் என்னதான் செய்வான்? ஊத்துக்குளி வரை போனார். அங்கே இறங்கி, மாலைகளை ஒரு எருமைக்குக் கொடுத்துவிட்டு, நூல் ஏற்றிவந்த வண்டியில் மூட்டையோடு மூட்டையாகத் திருப்பூர் திரும்பினார்.

தலைமையாசிரியர் போன பிறகு சென்னிமலை முகத்தை வெளியே எடுத்தார்.

"என்னங்க சொன்னீங்க மச்சான்?"

"போய்ச் சேந்ததும் கடுதாசி போடுவீங்கன்னு சொன்னேன்."

"நான் போய்ச் சேரவே இல்லீங்களே!"

"அதனாலென்ன, கடுதாசி போடறதுக்கு எதுக்குங்க போய்ச் சேரோணும்?"

வேறு வழியில்லை. சென்னிமலை பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதினார். பொய்க் கடிதம்தான், ஆனால் மழையளவில் அரை அங்குலம் கூட்டவில்லை. மலை உயரங்கள் எல்லாம் துல்லியம். கம்பெனித் தபாலோடு வந்தது என்று சொல்லி, மனைவி ஞானாம்பாள் அதைத் தெருவில் படித்துக் காட்டினாள். தலைமையாசிரியர் அதை வாங்கிக்கொண்டு போய்க் காலைப் பிரார்த்தனையில் படித்தார். இரண்டு நாள் கழித்து அவள் சோற்றுத் தூக்குப்போசியோடு வந்தாள்.

"ஏனுங்க, அடுத்த கடுதாசி எப்பன்னு தெருவே கேக்குது. சிங்கம் பாத்தீங்களாமா?"

"பாக்காததைப் பாத்தேன்னு எப்படி எழுதறது அம்மிணி?"

"அப்ப சத்தம் கேட்டுதுன்னு எழுதுங்க."

பக்கத்து அறையில் பின்னல் மிஷின்கள் உறுமிக்கொண்டிருந்தன. அதனால் மனசாட்சி பெரிதாக உறுத்தாமல் எழுதிவிட்டார். விளைவு, சிங்கங்களின் நடுவில் தனியாக இருக்கும் வாத்தியாருக்காக ஊரார் முருகன் கோயிலில் அர்ச்சனை செய்தார்கள். பிரசாதம் ஞானாம்பாள் வழியாக அவருக்கே வந்து சேர்ந்தது. சர்க்கரைப் பொங்கல் நன்றாகவே இருந்தது, ஆனால் விழுங்கக் கஷ்டமாக இருந்தது.

நாலைந்து நாள் என்றது இரண்டு மாதமாயிற்று. விசா மட்டும் வரவில்லை. டெல்லிக்கு நினைவூட்டுக் கடிதம் எழுதினார். மறுபடி எழுதினார். கம்பெனி விலாசம் கொடுத்தால் சந்தேகப்படுவார்கள் என்று ரத்தினசாமி சொன்னதால், எல்லாவற்றிலும் வீட்டு விலாசமே. பதிலில்லை.

புரட்டாசியில் எத்தியோப்பியப் பள்ளிக்கூடத்திலிருந்து, அவர்களுக்கு மட்டும் கம்பெனி விலாசம் கொடுத்திருந்ததால் ரத்தினசாமி பெயருக்கு, ஒரு கடிதம் வந்தது. பள்ளி திறந்துவிட்டதாம். விசா வரும்வரை பாடங்களைத் தபாலில் அனுப்பவும், தாங்கள் வேலையில் சேர்ந்துவிட்டதாகவே கருதுகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

சென்னிமலை துள்ளி எழுந்தார். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எங்கீங்க கெளம்பிட்டீங்க?" என்றார் ரத்தினசாமி.

"எங்கயுமில்லீங்க. ஸ்கூல் ஆரம்பிச்சிருச்சு. கோட்டில்லாம எப்படிப் பாடம் நடத்தறது?"

என்ன பாடம் என்று யோசித்தார். கதவிடுக்கு வழியே பார்த்தால் உலகத்தின் ஒரு தொழில் முழுவதும் தெரிந்தது. நூல் வருகிறது, குழாய் குழாயாகத் துணி பின்னி இறங்குகிறது, சலவைக்குப் போய் வெளுத்து வருகிறது, வெட்டுகிறார்கள், தைக்கிறார்கள். அதையே எழுதினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு பனியன் துணியும் வைத்து அனுப்பினார். மூன்று வாரத்தில் நாற்பத்தொரு பிள்ளைகளும் தனித்தனியாகப் பதில் எழுதியிருந்தார்கள். அந்தத் துணியைப் பிரித்துப் பார்த்தார்களாம். ஒரே நூல் நீளமாக வந்துகொண்டே இருந்ததாம். ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'ஐயா, உங்கள் ஊர் ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது? எப்போது வந்து படம் போட்டுக் காட்டுவீர்கள்?'

அதைப் படித்து அவர் அழுதார். சந்தோஷத்தில்தான். பதினான்கு வருஷத்தில் நொய்யல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவரை யாரும் இத்தனை ஆசையாகக் கேட்டதில்லை.

ஐப்பசியில் அடுத்த கடிதம் வந்தது. பிள்ளைகளுக்கு உங்களை மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் இந்த மாதக் கடைசிக்குள் நேரில் வந்து சேராவிட்டால் மேலதிகாரிகள் வேறு ஆசிரியரை நியமித்துவிடுவார்கள். மாத முடிவுக்கு இன்னும் பத்தே நாள்.

"அம்மிணி, டெல்லியிலிருந்து ஏதாச்சு?"

"ஒரு கார்டுகூட வரலீங்க."

சென்னிமலை கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நாற்பத்தொரு கடிதங்களும் மடியில் கிடந்தன. கடல் போயிற்று, அந்தப் பிள்ளைகளும் போனார்கள் என்று மனது அடித்துக்கொண்டது. ஞானாம்பாள் தூக்குப்போசியைக் கீழே வைத்தாள்.

"போதுமுங்க. ஊட்டுக்கு வாங்க. நடந்ததைச் சொல்லிப்போடலாம்."

"ஊரே சிரிக்கும்."

"சிரிச்சுட்டுப் போகட்டுமுங்க. மூணு மாசமா நான் ஒருத்தியே சிரிச்சுட்டிருக்கறேன், எனக்கும் தொணைக்கு ஆள் வேண்டாமா?"

அதைக் கேட்டதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பட்டப்பகலில் அவளோடு நடுரோட்டில் இறங்கினார். வெயிலில் கண் கூசியது. பத்தடி போவதற்குள் எதிரே சைக்கிளில் வந்த தபால்காரர் மணியன் இவரைப் பார்த்துத் தடுமாறி, கால் ஊன்றி நின்றார்.

"சார்! எப்பங்க வந்தீங்க? சிங்கமெல்லாம் ஒண்ணும் பண்ணலீங்களே?"

"மணியா, நான் ஒரு உண்மையைச் சொல்லோணும்..."

"அது கெடக்குதுங்க. நல்ல நேரத்துல வந்தீங்க. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று பையிலிருந்து ஒரு பெரிய பதிவுத் தபாலை எடுத்து நீட்டினார்.

டெல்லி முத்திரை. கையெழுத்தைப் போட்டுவிட்டு உறையைக் கிழித்தார். உள்ளே பாஸ்போர்ட். புரட்டினால், ஒரு பக்கம் முழுவதும் விசா!

சென்னிமலை பெட்டியைப் போட்டுவிட்டு மணியனைச் சைக்கிளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். ஞானாம்பாள் சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஏப்பா மணியா, இது இன்னைக்குத்தான் வந்துதா?"

"எங்கீங்க, ஆடி மாசத்துலருந்து இது நாலாவது தடவைங்க சார், உங்களை ரயிலேத்தி விட்டதே நாங்கதானுங்களே, அதனால ஊட்டுப் பக்கமே போகாம, 'ஆள் எத்தியோப்பியா போய்விட்டார்'னு எழுதி மூணு தடவை நானேதானுங்க திருப்பி அனுப்பிட்டேன்!"