நனையாத காலோடு பெண் பார்க்கப் போனேன்

அந்தக் காலத்தில் என் கால்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். முகத்தைப் பற்றியோ படிப்பைப் பற்றியோ பெருமைப்பட அதிகம் இருக்கவில்லை. ஆனால் மெல்பேண் குளிரிலும் மழையிலும் தினமும் சைக்கிள் ஓடியும் கால்விரல் நனையாத ஒரே தமிழன் நான்தான் என்று உறுதியாக நம்பியிருந்தேன்.

2011ஆம் ஆண்டு. டண்டினோங்கில் ஒரு கேக் தொழிற்சாலையில் வேலை. கார் லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு தரம் தோற்றிருந்தேன் (இரண்டாம் தரம் பரீட்சகர் காரை விட்டு இறங்கிய பிறகுதான் மூச்சு விட்டார்). அதனால் சைக்கிள்தான் கதி. ஜூன் பிறந்தால் அங்கே குளிர்காலம், சப்பாத்துக்குள் காற்று புகுந்து விரல்கள் மரத்துவிடும். இரண்டு சொக்ஸ் போட்டுப் பார்த்தேன். சப்பாத்து இறுகி, இரத்தம் ஓடாமல், குளிர் இன்னும் கூடியது. சப்பாத்துக்கு வெளியே சொப்பிங் பையைக் கட்டிப் பார்த்தேன். பெடல் வழுக்கி ஒரு தபால்பெட்டியைக் கட்டிப்பிடித்தேன். கடைசியில்தான் வழி அகப்பட்டது. மெல்லிய சொக்ஸ், அதன்மேல் பாண் ரொட்டி வரும் நீளப் பிளாஸ்டிக் பை, கணுக்காலில் ஒரு இறப்பர் வளையம், அதற்கு மேல் சப்பாத்து. வேலையிடத்தில் கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் இதைப் பற்றி வகுப்பெடுத்தேன்.

அந்த ஜூலையில் எனக்குப் பக்கத்து ஊரான நோபல் பார்க்கில் ஒரு சம்பந்தம் பேசி வந்தது. பெண் பெயர் வாசுகி, முதியோர் இல்லத்தில் தாதி. அதற்கு முன் மூன்று சம்பந்தங்கள் குழம்பிப் போயிருந்தன. ஆனால் இந்த முறை எனக்கே ஆசை வந்துவிட்டது. பெரியவர்கள் அனுமதியோடு ஒருநாள் போனில் பேசினோம். "இந்தக் குளிருக்க வேலைக்கு என்னெண்டு போறனீங்கள்?" என்று அக்கறையாகக் கேட்டாள். என் வாய் என்னைக் கேட்காமலே "கார்ல" என்று சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகு அரைமணி நேரம் என்னையே திட்டினேன்.

ஆடி பிறக்க முன்னம் பெண் பார்க்கும் காரியம் முடிய வேண்டும் என்று யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா நெருக்கினார். மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம், அதற்கு முன் அவர்கள் வீட்டுக்குள் கால் வைத்துவிட வேண்டும். என் அறைத்தோழர் ரவியண்ணை காரில் கூட்டிப்போவதாக ஏற்பாடு. மூன்றரைக்கு அவருடைய கார் பற்றரி உயிரை விட்டது. நீ நேரத்துக்குப் போ, நான் காரைக் கிளப்பிக்கொண்டு பின்னால் வாறன் என்றார். வெளியே மழை.

குசினிக்குள் பைகள் அடைத்து வைத்திருக்கும் பெரிய பைக்குள் கையை விட்டேன். பாண் பை ஒன்றும் இல்லை. வேறு இரண்டு பைகள் அகப்பட்டன, தடித்தவை, பளபளப்பானவை, கணுக்கால் வரை தாராளமாக வந்தன. ஒரு கிழமையாகத் தடிமன் பிடித்து மூக்கு முழுக்க அடைத்திருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளவும்.

நாலே காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். சைக்கிளைப் பக்கத்துத் தெருவில் ஒளித்தேன். விரல்களை அசைத்துப் பார்த்தேன், பஞ்சு போலக் காய்ந்திருந்தன. அந்தத் திருப்தியோடு மணியை அடித்தேன். வாசுகியின் அப்பா கதவைத் திறந்தார். வாசலில் வரிசையாகச் செருப்புகள்.

பிறந்ததிலிருந்து ஒரு தமிழ் வீட்டுக்குள்ளும் சப்பாத்தோடு போனதில்லை. அன்றைக்கு ராகுகாலத்தை யோசித்தேன், மழையை யோசித்தேன், தலைமயிர் கலையாமல் இருக்க ஹெல்மெட்டுக்குள் துவாய் வைத்தேன். இதை மட்டும் யோசிக்கவில்லை. இப்படியே வெளியில் நின்று கதைக்கலாம் அங்கிள் என்று சொல்லிப் பார்த்தேன். குளிர் உள்ளே வருகிறது என்று வாசுகியின் அம்மா, அன்ரி, அவசரப்படுத்தினார். பைகளைக் கழற்றலாம் என்றால் உள்ளே சொக்ஸில் பெருவிரல் வெளியே நின்றது. சப்பாத்தை மட்டும் கழற்றிவிட்டு, சரக் சரக் என்று நடந்து போய்க் கதிரையில் உட்கார்ந்து காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். பார்த்தும் பாராதது போல இருந்தார்கள். நல்ல மனிதர்கள்.

அங்கிள் என் காலுக்குக் குளிருமே என்று ஹீட்டரை அதற்கு நேரே திருப்பி வைத்தார்.

ஐந்து நிமிடத்தில் அன்ரி மூக்கைச் சுருக்கினார். அவர்கள் சுத்த சைவம். அங்கிள் ஜன்னலைத் திறந்தார், மூடினார். பிறகு மெல்லக் கேட்டார்.

"தம்பி, ஏதும் மணக்குதோ?"

"இல்லை அங்கிள்," என்றேன். சத்தியமாகச் சொன்னேன்.

"எலி கிலி செத்துக் கிடக்குது போல."

அவர் டோர்ச்சோடு முழங்காலில் இறங்கினார். வருங்கால மாமனார் எலி தேட மாப்பிள்ளை கதிரையில் இருக்கலாமா? நானும் இறங்கினேன். சோபாவுக்குக் கீழே, அலுமாரிக்குப் பின்னால் என்று உற்சாகமாகத் தவழ்ந்தேன். நான் போன இடமெல்லாம் மணமும் கூடவே வந்ததால், கிட்டத்தான் கிடக்குது என்று அங்கிள் ஊக்கம் கொடுத்தார்.

அப்போதுதான் வாசுகி தேநீர்த் தட்டோடு வந்தாள். அவளுக்குத் தெரிந்தது என் முகமல்ல, இரண்டு உள்ளங்கால்கள். பையில் அச்சடித்திருந்ததை அவள் நிதானமாக வாசித்திருக்க வேண்டும்.

"அப்பா, எலி இல்லை," என்றாள். "நெத்தலிக் கருவாடு."

எழும்பி நின்றேன். சைக்கிள், லைசென்ஸ், பற்றரி, பாண் பை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். காரில் போவதாகச் சொன்னது பொய் என்றும் சொன்னேன். வெட்கத்தில் கண் கலங்கிவிட்டது (தடிமன் என்று நினைத்திருப்பார்கள்). நாலாவது சம்பந்தமும் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. போனாலும் பரவாயில்லை, அவளிடம் பொய்யனாகப் போகக் கூடாது என்றுதான் இருந்தது.

வாசுகி தட்டை மேசையில் வைத்தாள்.

"இவ்வளவு மழைக்க வந்தனீங்கள். கால் நனையேல்லையோ?"

"ஒரு சொட்டும் இல்லை."

"காட்டுங்கோ பாப்பம்."

காட்டினேன், வெளியே நின்ற பெருவிரலோடு. அவள் சிரித்தாள். அன்ரி மட்டும் சிரிக்கவில்லை. அந்த இரண்டு பைகளையும் இடுக்கியால் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனார். ரவியண்ணை காரோடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அடுத்த கிழமை அங்கிள் போன் எடுத்தார். பிள்ளைக்குப் பிடித்திருக்கிறதாம். அன்ரிக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் அவகாசம் வேண்டுமாம்.

ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வந்ததும் பெண்ணின் தம்பி அவன் காலைக் கழுவுவது எங்கள் வழக்கம். வாசுகியின் தம்பி கோபி சிட்னியில் கிரவீன் என்ற இடத்தில் இருந்தவன், அதற்காகவே வந்திருந்தான். செம்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவினான். அதோடு முடிந்திருக்க வேண்டும். அவனோ வேட்டி மடியிலிருந்து ஒரு பாதித் தேசிக்காயை (எலுமிச்சம்பழம்தான்) எடுத்து, ஒவ்வொரு விரலாக அழுத்தித் தேய்த்தான். திரும்பத் தண்ணீர் ஊற்றினான். குனிந்து மோந்து பார்த்தான். பிறகு மணப்பெண் இருந்த அறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"அக்கா, ஓல் கிளியர்."

அறைக்குள்ளிருந்து வந்த வாசுகியின் சிரிப்பு கல்யாண வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது. அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் நடந்த கல்யாணம் எல்லாவற்றிலும் கால் கழுவும் தட்டில் பாதித் தேசிக்காய் ஒன்று இருக்கிறது. அன்ரிதான் மறக்காமல் வெட்டி வைக்கிறார். புதிதாக வரும் மாப்பிள்ளைகள் அதையும் சடங்கு என்று நினைத்து, பக்தியோடு காலை நீட்டுகிறார்கள். நாங்கள் யாரும் அவர்களைத் திருத்துவதில்லை.